இரண்டு பூட்டுள்ள அஞ்சல் பெட்டி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சபை அலுவலகக் கம்ப்யூட்டரின் மேல் கிடந்த பின்னல் துணியை எடுத்து உதறி மடித்து வைத்தபோது, சபைச் செயலர் நேசையன் எதிர்பார்த்தது ஒரே ஒரு கடிதத்தை. வந்து கிடந்தவை முந்நூற்றுப் பன்னிரண்டு. மூன்று முறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டும் பிளாஸ்டிக் நாற்காலியைப் பற்றியவை. எங்கோ ஒரு கடைக்காரன் கைப்பிடி உள்ளது இன்ன விலை, கைப்பிடி இல்லாதது இன்ன விலை என்று வெள்ளிக்கிழமை காலை சபைக்கு ஒரு விலைப்பட்டியல் அனுப்பியிருந்தான். முதல் கடிதம் பத்தே வரி. இரண்டாவதில் அந்தப் பத்து வரிக்கு மேல் சிவப்பு வட்ட முத்திரை ஒன்று, ‘செயலர் பார்வையிட்டார்’ என்று. அதற்கும் மேல் நீல வட்ட முத்திரை ஒன்று, ‘பொருளாளர் பெற்றுக்கொண்டார்’ என்று. மூன்றாவதில் சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். கடைசிக் கடிதத்தைத் திறந்து மவுஸின் உருளையைக் கீழே கீழே உருட்டினார். விரல் கடுத்தது. சிவப்பும் நீலமுமாக, திருவிழாத் தோரணம் குழித்துறைப் பாலத்தின் இக்கரையிலிருந்து அக்கரை வரை கட்டியது போல வந்துகொண்டே இருந்ததே தவிர, நாற்காலி வந்துசேரவில்லை.

அவர் தேடிய கடிதம் மஸ்கட்டிலிருந்து வர வேண்டியது. வரும் வியாழக்கிழமை மகள் பெபிஷாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டெனிஷ் மஸ்கட்டில் வேலை; இருபத்தெட்டு நாள் லீவு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண்ணின் சபையில் ஓலை வாசிக்க வேண்டும்: இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று. மாப்பிள்ளை இருக்கிற ஊர்ச் சபையிலும் மூன்று முறை வாசித்து, அங்கே ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை என்று கடிதம் வரவேண்டும். அது வராமல் இங்கே மூன்றாம் ஓலை கிடையாது. மூன்றாம் ஓலை இல்லாமல் கல்யாணம் கிடையாது. கடிதத்தை மாப்பிள்ளையே கையில் கொண்டுவரலாம் அல்லவா என்றால், கூடாது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை அப்படித்தான் கையோடு கடிதம் கொண்டுவந்து, மோதிரம் போட்டு, பிரியாணி தின்று முடிந்த பிறகு, துபாயில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து போதகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சபையின் முகவரியிலிருந்து சபையின் முகவரிக்கு வரவேண்டும், ஞாயிறு வாசிப்பதற்கு முன்னால் வரவேண்டும். மஸ்கட் சபைக்கு ஆராதனை வெள்ளிக்கிழமை. மூன்றாம் ஓலை அங்கே நேற்று வாசித்தாயிற்று; இங்கே நாளை. கடிதம் நேற்றே வந்திருக்க வேண்டும்.

நேற்று முழுக்கக் கல்யாண வேலை என்பதால், அந்தக் கடிதத்துக்காகத்தான் நேசையன் கம்ப்யூட்டரை முந்தாநாள் சாயங்காலமே அணைக்காமல் விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பனி பிடிக்கக் கூடாது என்று பின்னல் துணியையும் போட்டு மூடிவிட்டுப் போனார்.

முந்நூற்றுப் பன்னிரண்டையும் பார்த்ததும் அவருக்கு முதலில் வந்தது கவலை அல்ல. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். முதலில் வந்தது சந்தோஷம். உள்ளங்காலிலிருந்து கிளம்பி உச்சந்தலை வரை ஏறிய சந்தோஷம். பொருளாளர் ஞானதாசன் வசமாக மாட்டிக்கொண்டான். தங்கை மகளுடைய கல்யாணத்தைக் கெடுக்கத் தாய்மாமனே சதி செய்த கதைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு சாட்சி. ஒவ்வொன்றிலும் அவனுடைய நீல முத்திரை. நேசையன் எல்லாவற்றையும் அச்செடுக்கத் தொடங்கினார். தொண்ணூறாவது தாளில் மை தீர்ந்தது. தீர்ந்த பிறகும் வெள்ளைத் தாளாக நாலைந்து வந்தன. அவற்றையும் சேர்த்துக் கட்டினார்.

ஞானதாசனும் நேசையனும் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. நேசையனின் மனைவி லீலாபாய், ஞானதாசனின் கூடப்பிறந்த தங்கை. இரண்டாயிரத்து ஐந்தில் நடந்த சபைத் தேர்தலில் செயலர் பதவிக்கு நின்ற நேசையன் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அந்த ஓட்டு யாருடையது என்று ஊர் முழுக்கக் குறி கேட்காத குறையாகத் தேடிக்கொண்டிருந்தபோது, ஞானதாசனே முன்னால் வந்து, “எனக்க ஓட்டுதான். கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் போட்டேன்” என்றார். அத்தோடு போயிற்று. அதற்கடுத்த தேர்தலில் நேசையன் செயலர் ஆனார். ஆன சந்தோஷம் பொங்கிக் கீழே வழிவதற்குள் ஞானதாசன் பொருளாளர் ஆகிவிட்டார். கோயிலில் ஒருவர் தென்பக்க வாசலில் நுழைந்தால் மற்றவர் வடபக்கம். ஞானதாசனின் வீடு கோயில் மதிலுக்கு நேர் எதிரே. நடுவில் கிடப்பது ஒரு மாட்டுவண்டி போகும் அகலப் பாதை. நான்கு வருடத்தில் இரண்டு பேருக்கும் நடுவே பேச்சைச் சுமந்துகொண்டு அந்தப் பாதையைக் குறுக்கே கடந்தவள் லீலாபாய் மட்டும்தான்.

இரண்டு பேரும் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் என்பதுதான் சபைக்கு வந்த கேடு. நேசையன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நம்பருக்கு வரும் அழைப்பை இன்னொரு நம்பருக்குத் திருப்பிவிடுகிற வித்தையில் மாவட்டத்திலேயே தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய அபிப்பிராயம். அலுவலகக் கம்ப்யூட்டர் அவர் ஆட்சியில் விண்டோஸில் ஓடியது. ஞானதாசன் களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்து அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அங்கே பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றி வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்து வந்த நாள் முதல் அவர் தனியொரு மதத்துக்கு மாறினவரைப் போலத்தான் நடந்துகொண்டார். வீட்டில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, வருடக் கணக்காக அதை அணைத்ததே இல்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒருமுறை கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, கூரையைப் பார்த்துப் பேசினார்.

“பத்துக் கட்டளைய சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டியிருக்கிய. கொள்ளாம், நல்லதுதான். களவு செய்யாதிருப்பாயாகன்னு சொல்லுக எட்டாவது கட்டளைக்கு நேரே கீழ இருக்க கம்ப்யூட்டருல ஓடுகது காசு குடுக்காத கள்ள விண்டோஸ். இத ஆரு ஏத்தி வச்சதுன்னு நான் கேக்கல்ல. ஆண்டவரு கேப்பாரு.”

“இனாமாக் கெடைக்கத வீட்டுல வச்சுக்கிட்டு எகத்தாளம் பேசுகான் வாத்தியான்,” என்று நேசையன் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். “ஒருத்தனும் காசு குடுத்து வாங்காத சாதனம்லா அது!”

சண்டையின் அடி இதுதான்: சபைக்கு வருகிற மின்னஞ்சலை யார் முதலில் பார்ப்பது? வளைகுடாவில் இருக்கும் சபையார் ஒருவர் சபைக்கென்று ஒரு முகவரியும் அதற்கொரு பெட்டியும் வாங்கிக் கொடுத்திருந்தார். அது நேசையனின் கையில் இருந்தது. பொருளாளருக்கு வரும் கடிதங்களை அவர் படித்து, மடித்து, மூன்று நாள் அடைகாத்துப் பிறகுதான் கொடுப்பார். இதற்கு முடிவு கட்டவே ஆறு நாள் முன்பு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. போதகர், ஊருக்கெல்லாம் ஐயரு, தலையைப் பிடித்துக்கொண்டு தீர்மானங்களைச் சொல்ல, செயலர் கமிட்டிப் புத்தகத்தில் எழுதினார். சபைக்கு வரும் ஒவ்வொரு கடிதமும் தானாகவே பொருளாளரின் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் போகும்படி செய்ய வேண்டும். இருவரும் தங்கள் முத்திரையைப் பதிக்க வேண்டும். ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் எந்தக் கடிதத்தையும் அழிக்கக் கூடாது.

இந்த மூன்றாவது தீர்மானத்தை எப்படி நிறைவேற்றுவது என்பதில் ஒன்றரை மணி நேரம் ஓடிற்று. கடைசியில் காணிக்கைப் பெட்டிதான் வழிகாட்டியது. காணிக்கைப் பெட்டிக்குத் தொன்றுதொட்டு இரண்டு பூட்டு. ஒரு சாவி செயலரிடம், ஒரு சாவி பொருளாளரிடம். ஒருவர் இல்லாமல் ஒருவர் திறக்க முடியாது. மின்னஞ்சல் பெட்டிக்கும் அப்படியே செய்துவிடலாம் என்று யாரோ சொல்ல, கமிட்டி முழுவதும் கை தட்டியது. கடிதங்களை வாசிக்க ஒரு கடவுச்சொல், அது பொது. அழிப்பதற்குப் பெட்டியின் சொந்தப் பக்கத்துக்குள் போக வேண்டும். அதற்கு எட்டெழுத்தில் தனிக் கடவுச்சொல், நான்கெழுத்து ஒருவர், நான்கெழுத்து மற்றவர். அலுவலகத்திலேயே, கமிட்டியின் கண்முன்னால், ஒருவர் அடிக்கும்போது மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். எட்டெழுத்தும் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டது. உலகத்தில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாத கடவுச்சொல் ஒன்று அன்று அந்தச் சபையில் பிறந்தது. ஸ்தோத்திரம் சொல்லிக் கலைந்தார்கள்.

நேசையன் விண்டோஸில் ஒரு விதி எழுதினார். சபைக்கு எது வந்தாலும் சிவப்பு முத்திரை குத்திப் பொருளாளருக்கு அனுப்பு. கூடவே, ‘பார்வையிட்டார்’ என்ற சொல்லைச் சற்றுப் பெரிதாகப் போட்டார். நான் பார்த்த மிச்சம்தான் உனக்கு என்பதை அவன் ஒவ்வொரு கடிதத்திலும் படிக்க வேண்டும் அல்லவா? ஞானதாசன் அதைப் படித்தார். படித்துவிட்டு, வியாழன் ராத்திரி லினக்ஸில் அவரும் ஒரு விதி எழுதினார். செயலரிடமிருந்து எது வந்தாலும் நீல முத்திரை குத்தி, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாகச் சபையின் முகவரிக்கே திருப்பி அனுப்பு. நாளைக்குக் கொடுத்தேன், கொடுக்கவில்லை என்று அவன் நாக்கைப் புரட்டக் கூடாது அல்லவா? இரண்டு விதிகளும் தனித்தனியே பார்த்தால் பிழையே கிடையாது. ஆனால் நீல முத்திரையோடு திரும்பி வந்த கடிதமும் விண்டோஸுக்குப் புதுக் கடிதம்தான். சிவப்பு குத்தி அனுப்பியது. சிவப்பு வந்ததும் லினக்ஸ் நீலம் குத்தித் திருப்பியது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மத்தியானம் வரை, கைப்பிடி உள்ள நாற்காலியும் கைப்பிடி இல்லாத நாற்காலியும் அந்த மாட்டுவண்டிப் பாதையை முந்நூற்றுப் பன்னிரண்டு முறை குறுக்கே கடந்தன. ஒவ்வொரு முறையும் கடிதம் பருத்தது. பருத்துப் பருத்துப் பெட்டி நிறைந்து, இனி ஒரு எழுத்துக்கு இடமில்லை என்று ஆனபோதுதான் சுற்று நின்றது.

அச்செடுத்த கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேசையன் போதகர் வீட்டுக்குப் போனார். போதகர் கட்டை அவிழ்க்கவே இல்லை.

“செயலரே, எனக்கு ஒரு கடிதம் வேணும். கட்டு வேண்டாம்.”

“இது சதி ஐயரே. இதுல ஒவ்வொரு தாளுலயும் அவனுக்க முத்திரை இருக்கு, பாருங்க.”

போதகர் எட்டிப் பார்த்தார். “உம்முடையதும் இருக்கே,” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அதைவிட மோசமான செய்தி காத்திருந்தது. டெனிஷ் காலை விமானத்தில் திருவனந்தபுரத்தில் இறங்கி வீடு வந்து சேர்ந்திருந்தான். பெபிஷாவுக்குப் போன் பண்ணியிருந்தான். மஸ்கட் சபைச் செயலர் நேற்று மத்தியானம் அவன் கண்முன்னாலேயே கடிதத்தை அனுப்பினாராம். பெட்டி நிரம்பிவிட்டது என்று அது திரும்பிப் போய்விட்டதாம். மஸ்கட் சபையின் கம்ப்யூட்டர் அங்கே கோயிலுக்குள்ளே பூட்டிக் கிடக்கிறது. மனுஷன் நாளைக் காலை வேலைக்குப் போகிற வழியில் திறந்து மறுபடி அனுப்புவாராம். அங்கே எட்டு மணி என்றால் இங்கே ஒன்பதரை. இங்கே ஆராதனை ஒன்பதுக்குத் தொடங்கினால், பிரசங்கத்துக்கு முன்னால், ஏறக்குறைய ஒன்பதே முக்காலுக்கு ஓலை வாசிப்பார்கள். அதற்குள் பெட்டியைக் காலி செய்து வைக்க வேண்டும். காலி செய்ய எட்டெழுத்து வேண்டும்.

பெபிஷா தனியார் பள்ளியொன்றில் டீச்சர். குரலை உயர்த்தாமல் முப்பது பிள்ளைகளை அடக்குகிறவள். அதே குரலில் கேட்டாள்.

“அப்பா, வியாழக்கெழம எனக்குக் கல்யாணமா, உங்களுக்கு எலெக்சனா?”

நேசையன் அலுவலகத்துக்குத் திரும்பினார். லீலாபாயையும் கூட்டிக்கொண்டார். பத்தரைக்குத் தொடங்கியது அந்தக் கூத்து. வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு லீலாபாய் மதில் வாசலைத் தாண்டி, பாதையைத் தாண்டி, அண்ணன் வீட்டுக்குப் போவாள், திரும்பி வருவாள்.

“உனக்க அண்ணன்கிட்ட சொல்லு. அவனுக்க நாலெழுத்த ஒரு துண்டுல எழுதித் தரட்டு. நான் தொறந்து அழிச்சிருவேன்.”

போனாள், வந்தாள். “நீங்க உங்களுக்க நாலெழுத்த எழுதிக் குடுக்கணுமாம். அண்ணன் தொறந்து அழிப்பாவளாம்.”

“முடியாது. நான் செயலரு.”

போனாள், வந்தாள். “பெட்டின்னு சொன்னா அது பொருளாளருக்க சாமானாம்.”

“அந்த விதிய எழுதினது அவன். நீலத்தத் திருப்பி அனுப்புன்னு அவனுக்கு ஆரு சொன்னா? மொதல்ல அத நிறுத்தச் சொல்லு.”

போனாள், வந்தாள். “சிவப்ப நீங்க நிறுத்தினா நீலம் தன்னால நிக்குமாம். கள்ள விண்டோஸுக்குப் புத்தி அவ்வளவுதானாம்.”

இரண்டு மணிக்குள் பதினாலு முறை நடந்தாள். லீலாபாய் சாதாரணமாகப் பேச்சைக் கூட்டியும் குறைத்தும் கொண்டுபோகிறவள். நான்கு வருடமாக அண்ணன் சொன்ன ‘மடையன்’ இவரிடம் வரும்போது ‘விவரம் போதாது’ என்று ஆகியிருக்கும்; இவர் சொன்ன ‘துரோகி’ அங்கே ‘மனசு சரியில்ல’ என்று போய்ச் சேர்ந்திருக்கும். அன்று அவள் ஒன்றையும் மாற்றவில்லை. சொன்னது சொன்னபடி, எச்சில் தெறித்தால் எச்சிலோடு கொண்டுபோய்க் கொட்டினாள். பதினைந்தாவது முறை பாதையின் நடுவிலேயே நின்றாள். குடையை மடக்கினாள். இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி, ஆனால் இரண்டு பக்கத்தையும் பார்க்காமல் பேசினாள்.

“இனி நான் நடக்க மாட்டேன். நாளைக்கு ஐயரு மூணாம் ஓலை வாசிக்கேலன்னா, வாசிக்காததுக்குக் காரணம் கேப்பாவ. கேட்டா நான் எந்திச்சு நிப்பேன். ஆட்சேபணை எனக்கு உண்டும்பேன். பிள்ளைக்க அப்பனும் மாமனும் இன்னும் உயிரோட இருக்காவ, அதுதான் எனக்க ஆட்சேபணைன்னு சபைக்க நடுவுல சொல்லுவேன். எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. எல்லாத்தையும் நீங்க ரெண்டுபேரும் சேந்து எடுத்திட்டிய.”

அவள் சொன்னால் செய்வாள். முப்பது வருடமாக அந்த நாக்கோடு குடித்தனம் பண்ணுகிறவருக்கு அது தெரியும்; அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் அதே நாக்கோடு வளர்ந்தவருக்கும் தெரியும். அன்று இரண்டு வீட்டிலும் சோறு ஆறிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டே முக்காலுக்கு நேசையன் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். சிவப்பு விதியை அழித்துவிட்டிருந்தார். அதை அவனுக்காகச் செய்யவில்லை என்று தனக்குத்தானே இரண்டுமுறை சொல்லிக்கொண்டார். வாசலில் நிழல் விழுந்தது. வேஷ்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, வேதப்புத்தகத்தைக் கவசம் மாதிரி நெஞ்சில் பிடித்துக்கொண்டு ஞானதாசன் நின்றார். நான்கு வருடத்தில் தலை நரைத்திருந்தது. பக்கத்தில் பார்க்கும்போது ஆள் சற்றுக் குள்ளமாகவும் தெரிந்தார். அந்தக் குள்ளம் நேசையனுக்குப் பிடித்திருந்தது.

“நீலத்த நிறுத்திட்டுத்தான் வந்தேன்,” என்று ஞானதாசன் சுவர்க் கடிகாரத்திடம் சொன்னார்.

“கேட்டவரு ஆரு?” என்றார் நேசையன் கம்ப்யூட்டரிடம்.

பெட்டியின் பக்கம் திறந்தது. மூன்று முறை தவறாக அடித்தால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குப் பூட்டிவிடும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. நேசையன் நாற்காலியை நன்றாக முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஞானதாசன் சுவர்ப் பக்கம் திரும்பினார். நேசையன் தன் நான்கெழுத்தை அடித்தார். ஞானதாசனைக் குறித்து ஊரில் நாலுபேர் முன்னால் சொல்ல முடியாத வசைச்சொல் ஒன்றை ஆங்கில எழுத்தில் நான்காகச் சுருக்கி வைத்திருந்தார். அதை அந்த மனிதனின் முதுகுக்குப் பின்னாலேயே அடிப்பதில் ஒரு ருசி இருந்தது. பிறகு எழுந்து விலகினார். ஞானதாசன் வந்து குனிந்து, தோள் துண்டை எடுத்து விசைப்பலகைக்கு மேல் கூடாரம் போலப் போட்டு, அதற்குள் கையை விட்டு அடித்தார். அவர் காதுமடல் சிவந்திருந்தது. இவனும் என்னமோ கெட்ட வார்த்தைதான் வைத்திருக்கிறான் என்று நேசையனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

தவறு என்றது பெட்டி.

“உமக்க கை நடுங்குது. ஒழுங்கா அடியும்,” என்றார் நேசையன். நான்கு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் சொன்ன முதல் சொல் அது.

“எனக்க கையா? முப்பத்தஞ்சு வருசம் கரும்பலகையில கோடு போட்ட கை. உமக்க பாதியப் பாரும்.”

இரண்டாவது முறை. நேசையன் ஒவ்வோர் எழுத்தாக, விரலால் குத்திக் கொல்வதுபோல அடித்தார். ஞானதாசன் துண்டுக்குள் அடித்தார். தவறு.

முதல் மணி அடித்து ஓய்ந்தது. கோயிலுக்குள் ஆர்மோனியம் தொடங்கிற்று. ஒன்பது ஐந்து. ஒன்பது பத்து. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் ஒரே ஒரு தடவைதான்.

“நான்தான் மொதல்ல அடிச்சேன்,” என்று ஞானதாசன் மெதுவாகச் சொன்னார். “அண்ணைக்கு. கமிட்டியில. ஐயரு வயசு வச்சுச் சொன்னாரு. நான் அடிச்சேன், பொறவுதான் நீரு.”

“கமிட்டிப் புஸ்தகத்துல செயலரும் பொருளாளரும்னுதான் எழுதியிருக்கு.”

“புஸ்தகம் எழுதுகது செயலருதான?”

நேசையனுக்கு ஞாபகம் இருந்தது. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போதகர் ஞானதாசனைப் பார்த்துக் கை காட்டியதும், தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றதும், அந்தச் சுவரில் பல்லி ஒன்று பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்ததும், முதுகுக்குப் பின்னால் நான்கு தட்டுக் கேட்டதும், ‘முதலில் இவன், பிறகு நானா’ என்று அப்போது வயிற்றில் எரிந்ததும் எல்லாம் நேற்று நடந்தது மாதிரி இருந்தது. புத்தகத்தில் செயலர் என்று முன்னால் எழுதியது அந்த எரிச்சலில்தான். இன்று நாற்காலியில் உட்கார்ந்தபோதே அவருக்குத் தெரியும். முதல்முறை தவறு என்று வந்தபோது தெரியும். இரண்டாவது முறை விரலால் குத்தும்போது இன்னும் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே குத்தினார். மகளின் கல்யாணம் இந்த எட்டெழுத்துக்குள் கிடக்கிறது என்பது ஒரு பக்கம் தெரிந்தது. இவனுக்குப் பின்னால் வரமாட்டேன் என்பது மறுபக்கம், அதைவிடப் பழையதாக, அதைவிட உறுதியாக உட்கார்ந்திருந்தது.

ஜன்னல் வழியாகக் கோயிலின் பெண்கள் பக்கம் தெரிந்தது. லீலாபாய் வழக்கமாகப் பின்வரிசையில் உட்காருவாள். இன்று முன்வரிசையில், எழுந்தால் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், நடுப்பாதையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெபிஷா. பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

நேசையன் நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்தது மட்டுமல்ல, இரண்டடி பின்னால் போனார். முழங்கால் முட்டிகள் சத்தம் போட்டன. ஞானதாசன் அந்த நாற்காலியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

“ஒண்ணும் சொல்லாதையும்,” என்றார் நேசையன். “ஒரு வார்த்த சொன்னாலும் நான் திரும்ப நாற்காலியில இருந்திருவேன்.” சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான்கு தட்டுக் கேட்டது. பிறகு நேசையன் வந்து, எக்ஸ்சேஞ்சில் மூத்த அதிகாரி முன்னால் வேலை பார்ப்பதுபோல நின்றபடியே தன் நான்கையும் அடித்தார். வசைச்சொல்லின் கடைசி எழுத்தில் விரல் சற்றுத் தயங்கியது. அடித்துவிட்டார்.

பெட்டி திறந்தது.

இரண்டு பேரும் மூச்சை விட்டார்கள். அப்படி விட்டது மற்றவனுக்குக் கேட்டுவிட்டதே என்று இரண்டு பேருக்கும் கோபம் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டையும் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னார்கள். நிச்சயமாகத்தானா என்று பெட்டி கேட்டது. “நிச்சயமாத்தான்லே எளவே” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சிவப்பும் நீலமும் வரிவரியாக மறைந்தன. முடிந்தபோது மணி ஒன்பது முப்பத்தெட்டு. திரையில் ஒன்றுமே இல்லாத வெள்ளைப் பக்கம். மேல் மூலையில் ஒரு சைபர்.

அங்கே எட்டு ஆகிவிட்டது. மனுஷன் கோயிலைத் திறந்தானோ, கம்ப்யூட்டரைப் போட்டானோ, இல்லை வழியில் எங்காவது சிக்னலில் நிற்கிறானோ? ஒன்பதே முக்காலுக்குப் போதகர் ஓலைத் தாளை எடுப்பார். ஏழு நிமிடம். ஞானதாசன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நேசையன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடமிருந்து தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது; அவர் வீட்டில் லீலாபாய் காய்ச்சுவதும் இதே எண்ணெய்தான், அவர்கள் அம்மா சொல்லிக் கொடுத்த பக்குவம். அதுவும் எரிச்சலாக இருந்தது.

“புதுப்பிக்கணும்,” என்றார். “சும்மா பாத்துக்கிட்டிருந்தா வராது.”

ஞானதாசன் மவுஸைப் பிடித்து ஒருமுறை அமுக்கினார். பக்கம் ஒருகணம் இல்லாமல் போய் மறுபடி வந்தது. வெள்ளை. சைபர்.

“அமுக்குக அமுக்குல கம்பி அறுந்திரும். இஞ்ச தாரும்.”

நேசையன் அமுக்கினார். வெள்ளை. சைபர். மவுஸை அந்தப் பக்கம் தள்ளினார். ஞானதாசன் அமுக்கிவிட்டு இந்தப் பக்கம் தள்ளினார். ஒருவர் இரண்டு முறை அமுக்கினால் மற்றவரின் கை தானாக நீண்டது. கோயிலுக்குள் பாட்டின் கடைசி அடியை இழுத்துப் பாடி முடித்தார்கள். முந்நூறு பேர் ஒன்றாக உட்காருகிற சத்தம் வந்தது. பெஞ்சுகள் முனகி அடங்கின. பிறகு சத்தமே இல்லை. போதகர் தொண்டையைச் செருமுவது அலுவலகம் வரை கேட்டது.

நேசையன் மவுஸைத் தள்ளினார். ஞானதாசனின் விரல் ஏற்கெனவே அங்கே காத்துக்கொண்டிருந்தது.